பனிப்படலத்தின் உயரம்: ஸ்டீரியோ படமா, லேசரா, ரேடாரா?

கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிப்படலங்களில் வேலை தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும் இடம் இது. 2 மீட்டர் பிக்சலில் ஆர்க்டிக்டெம் (ஆர்க்டிக்), ரீமா (அண்டார்க்டிகா) என்ற உயர மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஸ்சாட்-2 என்ற லேசர் செயற்கைக்கோள் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறது. கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயர மாதிரி கேட்ட மாத்திரத்தில் இறங்கிவிடுகிறது. கிரையோசாட்-2 என்ற ரேடார் செயற்கைக்கோள் 2010 முதல் அளந்துகொண்டே இருக்கிறது. எதை எடுப்பது?

பெரும்பாலோர் பிக்சல் அளவைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பாறையும் மண்ணுமான நிலத்துக்கு அது ஓரளவு சரி. பனிப்படலத்தில் பிக்சல் அளவு கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. இங்கே பரப்பு நகர்கிறது, ஏறி இறங்குகிறது. சில அலைகளுக்கு அது பரப்பாகவே தெரிவதில்லை.

## முதலில் கேட்கவேண்டியவை

எந்தப் பரப்பு? ஒளியும் லேசரும் பனியின் மேல்தோலிலிருந்து திரும்புகின்றன. ரேடார் அலை உலர்ந்த பனிக்குள் இறங்கி, உள்ளிருந்து திரும்புகிறது. எவ்வளவு ஆழம் என்பது அலைநீளத்தையும் பனியின் ஈரத்தையும் பொறுத்தது. உருகி ஈரமான பனியில் ஊடுருவல் ஏறக்குறைய இல்லை. கிழக்கு அண்டார்க்டிகாவின் உலர்ந்த உட்பகுதியில் எக்ஸ் அலைவரிசைக்கு (சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீள ரேடார்) ஊடுருவல் பல மீட்டர்.

எந்தத் தேதி? ஒரு நாளின் பரப்பா, பல ஆண்டுகளைக் கலந்த சராசரியா? உயர மாற்றத்தைக் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் தேதியில்லாத உயரத்துக்கு மதிப்பே இல்லை.

எதிலிருந்து அளந்த உயரம்? ஆர்க்டிக்டெம், ரீமா, ஐஸ்சாட்-2, டான்டெம்-எக்ஸ் 90 மீட்டர் (ரேடார் உயர மாதிரி) எல்லாம் டபிள்யூஜிஎஸ் 84 எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமிக்குப் பொருத்திய கணித வடிவத்திலிருந்து, உயரம் சொல்கின்றன. கோப்பர்நிக்கஸ் மட்டும் ஈஜிஎம் 2008 ஜியாய்டிலிருந்து, அதாவது ஏறக்குறையச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து, சொல்கிறது. கழித்துப் பார்த்தால் பல பத்து மீட்டர் ‘மாற்றம்’ வரும். இதற்கு நேரெதிரான பயமும் உண்டு. ராஸ் கடலை ஒட்டிக் கடல்மட்டமே எலிப்சாய்டுக்கு 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அங்கே ரீமா எதிர்மறை உயரம் காட்டினால் அது பிழை இல்லை.

முழுப் பரப்பா, கோடு மட்டுமா? படமும் குறுக்கீட்டு ரேடாரும் (இரு இடங்களில் வாங்கிய எதிரொலிகளை ஒப்பிட்டு உயரம் காண்பது) பரப்பை நிரப்புகின்றன. லேசரும் ரேடார் உயரமானியும் செயற்கைக்கோள் போகும் தடத்தை ஒட்டி மட்டும் அளக்கின்றன. இடைவெளி நம் பொறுப்பு.

இவற்றுக்குப் பிறகுதான் வட்டு இடம், கணினி நேரம், பட உரிமம் போன்ற செலவுகள்.

## தயார் ஸ்டீரியோ மாதிரிகள்: ஆர்க்டிக்டெம், ரீமா

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் துருவப் புவியிடத் தரவு மையம் வெளியிடுபவை. வேர்ல்ட்வியூ-1, 2, 3, ஜியோஐ-1 செயற்கைக்கோள்கள் ஒரே கடப்பில், சிறிது நேர இடைவெளியில் இரு கோணங்களில் எடுத்த படங்களை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான செட்ஸ்எம் மென்பொருள் பொருத்தி உயரமாக்குகிறது. ‘வெள்ளைப் பனியில் பொருத்துவதற்கு என்ன இருக்கிறது?’ என்று தோன்றும். காற்று செதுக்கிய வரப்புகளும் அவற்றின் நிழலும் இருக்கின்றன. 11 பிட் படங்கள் என்பதால் அந்த மெல்லிய சாயல் வேறுபாடு பதிவாகிவிடுகிறது. புதுப்பனி விழுந்து வரப்புகள் மூடியிருந்தாலோ, மெல்லிய மேகம் படர்ந்திருந்தாலோ பொருத்தம் தோற்கும். அங்கே ஓட்டைகளும் ஊசிமுனைகளும் வரும்.

இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. இவற்றுக்குள் தேர்வதுதான் உண்மையில் பெரிய முடிவு.

மொசைக்: பல ஆண்டுகளின் ஸ்ட்ரிப்புகளை (தனித்தனி உயரப் பட்டைகளை) அடுக்கி இணைத்தது, பெரும்பாலும் ஓட்டையற்றது. பின்னணி நிலவரைக்கும், சரிவுக் கணக்குக்கும், பனியாற்று வடிநில எல்லை வரைவதற்கும் இது போதும். மறைமுகச் செலவு தேதி. அண்மைப் பதிப்புகளில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி, எத்தனை ஸ்ட்ரிப், அவற்றின் சிதறல் ஆகியவை தனி அடுக்குகளாக வருகின்றன. பலர் அவற்றை இறக்குவதேயில்லை. மேற்கு கிரீன்லாந்தின் யாகோப்ஷவ்ன் பனியாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து மெலிந்துவந்த அதன் நாக்கு 2016க்குப் பிறகு சில ஆண்டுகள் தடித்தது. அந்த இரு காலத்தையும் ஒரே பிக்சலில் கலந்தால் வருகிற எண் எந்த நாளிலும் இருந்த உயரம் அல்ல.

ஸ்ட்ரிப்: ஒரே இணைப் படத்திலிருந்து வந்தது, கோப்புப் பெயரிலேயே செயற்கைக்கோளும் தேதியும் இருக்கும். மாற்றத்தை அளக்க இதுவே வேண்டும். ஆனால் தரைக்கட்டுப்பாடு இல்லாமல், செயற்கைக்கோளின் நிலைத்தரவை மட்டும் நம்பிக் கணக்கிட்டது என்பதால் பக்கவாட்டிலும் உயரத்திலும் 4 மீட்டர் அளவுக்குத் தள்ளியிருக்கலாம். 5 பாகை சரிவில் 4 மீட்டர் பக்கவாட்டுப் பிசகு மட்டுமே 35 சென்டிமீட்டர் உயரப் பிழை. ஒன்றோடொன்று இடம் பொருத்தாமல் இரண்டு ஸ்ட்ரிப்புகளைக் கழிப்பது வீண்வேலை.

ஸ்ட்ரிப்போடு வரும் முகமூடிக் கோப்பில் ஓரம், நீர், மேகம் தனித்தனி பிட்டாகக் குறிக்கப்பட்டிருக்கும். இன்னொரு கோப்பு எந்தப் பிக்சல் உண்மையில் பொருந்தியது, எது இட்டு நிரப்பியது என்று சொல்லும். இரண்டையும் போட்டு வடிகட்டாமல் சராசரி எடுக்காதீர்கள். பட்டியல் கோப்பில் ‘குறுக்குத்தட இணை’ என்று குறித்தவற்றை வேகமான பனியாற்றில் ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் இரு படங்களும் வெவ்வேறு கடப்பில் எடுத்தவை. யாகோப்ஷவ்ன் 2012 கோடையில் நாளுக்கு 46 மீட்டர் வரை ஓடியது. ஒரு நாள் இடைவெளியில், படங்களின் இடமாற்றத் திசையிலேயே பனி ஓடினால், அடித்தள-உயர விகிதம் (இரு படங்களையும் எடுத்த இடங்களின் இடைவெளியைச் செயற்கைக்கோளின் உயரத்தால் வகுத்தது) 0.6 உள்ள இணையில் அந்த 46 மீட்டர் 76 மீட்டருக்கும் மேற்பட்ட பொய் உயரமாக மாறும். படத்தில் அது அழகான சீரான மேடாகத்தான் தெரியும். கண்ணால் பிடிக்க முடியாது.

வட்டுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் சதுரத்தை 2 மீட்டரில் வைத்தால் 62.5 கோடி பிக்சல், சுருக்காமல் 2.5 ஜிபி. கண்டம் தழுவிய வேலைக்கு 2 மீட்டர் யாருக்கும் தேவைப்படாது. 32 மீட்டர் பதிப்பில் பிக்சல்கள் 256 மடங்கு குறைவு.

## சொந்தமாக ஸ்டீரியோ செய்வது

தயார் ஸ்ட்ரிப் இல்லாத தேதி கட்டாயம் வேண்டும், மூலப் படம் கையில் இருக்கிறது என்றால் மட்டும் இதில் இறங்கலாம். நாசாவின் ஏம்ஸ் ஸ்டீரியோ பைப்லைன் இலவசம். வேர்ல்ட்வியூ படம் வணிகச் சரக்கு. அமெரிக்க அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு உரிம வழி உண்டு, மற்றவர்கள் பணம் கட்டவேண்டும். படத்தின் அகலம் 13 முதல் 17 கிலோமீட்டர்தான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வரிசை இது: உணரித் துண்டுகளின் விலகலைத் திருத்துதல், துண்டுப் படங்களை ஒட்டுதல், இரு படங்களையும் ஒரு மழுங்கலான உயர மாதிரியின் மேல் விரித்தல், பொருத்துதல், புள்ளிகளைக் கட்டமாக்குதல். பொருத்துவதற்குச் சாயல் குறைந்த பனியில் எம்ஜிஎம் வகை வழிமுறை (சுற்றியுள்ள பிக்சல்களின் முடிவையும் சேர்த்துப் பார்ப்பது) சாதாரணச் சன்னல் ஒப்பீட்டைவிடக் குறைந்த ஓட்டை தரும். பதிலுக்கு நினைவகத்தை விழுங்கும். விரிக்கும் கட்டத்தில் கோப்பர்நிக்கஸ் மாதிரியை அப்படியே கொடுத்துவிடுவார்கள். மென்பொருள் எலிப்சாய்டு உயரத்தை எதிர்பார்க்கிறது. ஜியாய்டைச் சேர்த்து மாற்றிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

## லேசர்: ஐஸ்சாட்-2

2018 செப்டம்பர் 15 அன்று ஏவப்பட்டது. பச்சை லேசர், மூன்று இணையாக ஆறு கதிர்கள். இணைகளுக்கு இடையே 3.3 கிலோமீட்டர், ஓர் இணைக்குள் 90 மீட்டர். நொடிக்கு 10,000 துடிப்பு என்பதால் தடத்தில் 0.7 மீட்டருக்கு ஓர் அளவு. 91 நாளுக்கு ஒருமுறை அதே தடம். தென்துருவத்தைச் சுற்றி 88 பாகையில் தரை அளவீடுகளோடு ஒப்பிட்டதில் தட்டையான உட்பகுதியில் பிசகு 3 சென்டிமீட்டருக்குள் இருந்தது. உயரத் துல்லியத்தில் இதற்குப் போட்டி இல்லை. மற்ற எல்லாத் தரவையும் உரசிப் பார்க்கும் உரைகல் இதுதான்.

எந்தக் கோப்பை எடுப்பது என்பதில் குழப்பம் வரும். ஏடிஎல் என்பது இதன் தரவுக் கோப்பு வகைகளின் பெயர். ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒவ்வொன்றும் வேண்டுமென்றால் ஏடிஎல் 03. பனிப்படல உயரத்துக்கு ஏடிஎல் 06: 40 மீட்டர் நீளத் துண்டுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி, 20 மீட்டருக்கு ஓர் உயரம் தருகிறது. அதே தடத்தின் காலத்தொடருக்கு ஏடிஎல் 11. கட்டமாக்கிய உயரம் 100 மீட்டரில் ஏடிஎல் 14, காலாண்டு மாற்றம் ஏடிஎல் 15. முதல் இரு சுழற்சிகளில் கருவி குறித்த தடத்தில் குறிவைக்கவில்லை; விலகல் 2 கிலோமீட்டர் வரை. காலத்தொடரை மூன்றாம் சுழற்சியிலிருந்து, அதாவது 2019 ஏப்ரலிலிருந்து தொடங்குங்கள்.

எங்கே சறுக்கும்? தடித்த மேகத்தில் அளவே இல்லை. மெல்லிய மேகத்தில் அளவு வரும், ஆனால் ஒளி சிதறித் தாமதமாகத் திரும்புவதால் பரப்பு சற்றுத் தாழ்வாகத் தெரியும். தரக்குறி பூஜ்யம் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். பிளவுகள் நிறைந்த பனியாற்று முகப்பில் 40 மீட்டர் நேர்கோடு பிளவையும் முகட்டையும் ஒன்றாக மெழுகிவிடும். ஃபோட்டானுக்கே போய்த் துண்டு நீளத்தைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். ஸ்லைட்ரூல் சேவை இதை இணையம் வழியே செய்து தருவதால் ஃபோட்டான் கோப்புகளை இறக்கும் சுமை மிச்சம்.

70 பாகை அகலாங்கில் அடுத்தடுத்த தடங்கள் சுமார் 10 கிலோமீட்டர் விலகி இருக்கும். கதிர் இணைகள் அதை 3 கிலோமீட்டராகப் பிரிக்கும். 2 கிலோமீட்டர் அகலப் பனியாற்றில் ஒரே ஒரு கோடு விழலாம், விழாமலும் போகலாம்.

## ரேடார் உயரமானி: கிரையோசாட்-2

மேகமும் இருளும் இதைத் தடுக்காது. துருவ இரவில் படம் எடுக்க முடியாத மாதங்களுக்கும் சேர்த்து 2010 முதல் ஒரே கருவியின் தொடர் என்பதுதான் இதன் பலம். முந்தைய லேசர் செயற்கைக்கோளான ஐஸ்சாட் 2009இல் ஓய்ந்து ஐஸ்சாட்-2 வரும்வரையிலான இடைவெளியை நிரப்புவதற்கு இதை விட்டால் பெரிய வழியில்லை.

பலவீனம் இரண்டு. ஒன்று சரிவு. உட்பகுதியில் கருவி பழைய பாணியில், முதலில் திரும்பும் எதிரொலியை நேர்கீழே இருந்து வந்ததாகக் கொள்கிறது. உண்மையில் அது மிக அருகிலுள்ள இடத்திலிருந்து, அதாவது சரிவின் மேற்பக்கத்திலிருந்து வருகிறது. 717 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அரைப் பாகை சரிவைப் பார்த்தால் இடம் 6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும், உயரம் 27 மீட்டர் பிசகும். நல்ல உயர மாதிரியை வைத்து இதைத் திருத்துகிறார்கள்; ஓரப் பகுதிகளில் இரு ஆன்டெனா குறுக்கீட்டு முறை எதிரொலி வந்த திசையையே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது ஊடுருவல், இதுதான் ஆபத்தானது. 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் பரப்பு ஏறக்குறைய முழுவதும் உருகி மறுபடி உறைந்தது. அதன்பின் உட்பகுதி அரை மீட்டருக்கும் மேலாக உயர்ந்துவிட்டதாகக் கிரையோசாட்-2 காட்டியது. பனி கூடவில்லை. மேலே உருவான பனிக்கட்டி அடுக்கிலிருந்து அலை சீக்கிரம் திரும்பியது, அவ்வளவுதான். இதை அறியாமல் நிறைமாற்றம் கணக்கிட்டால் இழப்பு லாபமாகிவிடும்.

2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-பிரெஞ்சு சரல் செயற்கைக்கோளின் ஆல்டிகா கருவி இங்கே சுவையானது. 35.75 கிகாஹெர்ட்ஸ் அலை பனிக்குள் மிகக் குறைவாகவே இறங்குகிறது. கிரையோசாட்-2இன் 13.6 கிகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டு ஊடுருவலைப் படிக்க அது நல்ல இணை. ஆனால் 81.5 பாகை அகலாங்கோடு நின்றுவிடும். இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோளான நைசாரையும் சிலர் கேட்கிறார்கள். அது பனி நகரும் வேகத்துக்கு. உயர வரைபடத்துக்கு அல்ல.

## குறுக்கீட்டு ரேடார்: டான்டெம்-எக்ஸ், கோப்பர்நிக்கஸ்

இரு செயற்கைக்கோள்கள் சேர்ந்து பறந்து, ஒன்று அனுப்பிய அலையை இரண்டும் ஒரே கணத்தில் வாங்குகின்றன. அதனால் பனி நகர்வதால் வரும் பிழை இல்லை, மேகமும் தடையில்லை. பனியாற்று ஓரங்களில், உருகும் மண்டலத்தில் நல்ல தரவு. உட்பகுதியில் எக்ஸ் அலை உள்ளே இறங்குவதால் காட்டும் உயரம் உண்மைப் பரப்புக்குப் பல மீட்டர் கீழே. இட அமைப்பைக் காட்ட, படங்களை நிலத்தோடு பொருத்த, ரேடார் படங்களைத் திருத்த, இந்தத் தரவிலிருந்து செய்த கோப்பர்நிக்கஸ் 30 தாராளமாகப் போதும். மாற்றத்துக்கு அடிப்படையாக வைக்க வேண்டாம்: தரவின் பெரும்பகுதி 2011 முதல் 2015 வரை எடுத்தது.

## ஆஸ்டர்

டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஸ்டீரியோ படக்கருவி. 2000 முதல் தரவு, இலவசம். ஆனால் 8 பிட் படம் என்பதால் வெண்பனியில் நிறைவுற்று வெறும் வெள்ளையாகிறது. பிளவும் அழுக்கும் உள்ள பனியாற்று நாக்குகளுக்குப் பழைய காலத்தொடர் வேண்டுமானால் எடுங்கள். பனிப்படல உட்பகுதிக்கு வேண்டாம்.

## நிழற்சாயலிலிருந்து சரிவு

ஒரே படத்தின் ஒளிர்வு வேறுபாட்டைச் சரிவாக மாற்றும் பழைய முறை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது, பனியின் வெண்மை சீராக உள்ள உட்பகுதியில் மட்டும் எடுபடும். சூரியத் திசையில் உள்ள சரிவை மட்டுமே தரும். கூட்டிக்கொண்டே போனால் கோடுகோடாக இரைச்சல் சேரும். எனவே வெவ்வேறு சூரியத் திசையில் குறைந்தது இரு படங்களும், நெடுந்தூர உயரத்தைக் கட்டிப்போட உயரமானித் தரவும் வேண்டும். ரீமா வந்தபின் உயரத்துக்காக இதை நாடுவதில் பொருளில்லை. லாண்ட்சாட் படத்தில் பனிக்கடியிலுள்ள ஏரியின் தட்டைப்பரப்பு விளிம்பைப் பார்க்க இன்றும் கைகொடுக்கும்.

## ஒரே பார்வையில்

| தரவு | காட்டும் பரப்பு | தேதி | பரவல் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| ரீமா / ஆர்க்டிக்டெம் மொசைக் | பனியின் மேல்தோல் | பல ஆண்டுக் கலவை | முழுப் பரப்பு, 2 மீ. முதல் | தேதி அடுக்குகளைச் சரிபார்ப்பது |
| ஸ்ட்ரிப் | மேல்தோல் | ஒரே நாள் | துண்டு துண்டாக | பொருத்துதல், மேக வடிகட்டல் |
| ஐஸ்சாட்-2 | மேல்தோல் | ஒரே நாள், 91 நாள் சுழற்சி | தடம் மட்டும் | இடைவெளி, மேகம் |
| கிரையோசாட்-2 | உள்ளே இறங்கும், பருவத்தால் மாறும் | 2010 முதல் தொடர்ச்சி | தடம், கிலோமீட்டர் அளவு | சரிவு, ஊடுருவல் திருத்தம் |
| கோப்பர்நிக்கஸ் 30 | உட்பகுதியில் பல மீ. கீழே | பெரும்பாலும் 2011–2015 | முழுப் பரப்பு | ஜியாய்டு மாற்றம் |
| ஆஸ்டர் | மேல்தோல் | ஒரே நாள், 2000 முதல் | துண்டு துண்டாக | வெண்பனியில் நிறைவு |

## எந்த வேலைக்கு எது

பனியாற்று முகப்பில் சில ஆண்டு மாற்றமா? ஸ்ட்ரிப், அதைக் கட்டிப்போட ஐஸ்சாட்-2. உட்பகுதியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மாற்றமா? ஏடிஎல் 11 அல்லது 15 மட்டும். ஸ்டீரியோவின் இரைச்சலில் அந்த மாற்றம் காணாமல் போய்விடும். 2010களின் தொடர்ச்சி வேண்டுமா? கிரையோசாட்-2, மேலே சொன்ன எச்சரிக்கையோடு. இந்தியாவின் பாரதி நிலையம் உள்ள லார்ஸ்மன் குன்றுகள் போலப் பாறை வெளித்தெரியும் இடமா? ஸ்ட்ரிப்புக்கு அதைவிட வசதி கிடைக்காது. நகராத பாறை எல்லாத் தேதிக்கும் பொதுவான கட்டுப்பாடு.

மிதக்கும் பனித்தட்டில் எல்லாருக்கும் ஒரு கூடுதல் வேலை உண்டு. ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) தட்டையே தூக்கி இறக்குகிறது. அண்டார்க்டிகாவின் ரோன் பனித்தட்டின் உள்மூலைகளில் பல மீட்டர் வரை. ஏடிஎல் 06இல் கடல் ஓதத் திருத்தம் செய்யப்பட்டிருக்காது. மதிப்பு தனி மாறியாக இருக்கும், நாம்தான் கழிக்கவேண்டும். ஸ்ட்ரிப்புக்குப் படம் எடுத்த நேரத்தைப் பார்த்து ஓத மாதிரியை ஓட்டவேண்டும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் பரப்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் எழும். இதில் சோம்பல் கூடாது. மிதக்கும் பனியின் தடிமனை மேலே தெரியும் உயரத்திலிருந்து கணக்கிடும்போது பிழை சுமார் 9 மடங்கு பெருகும். ஒரு மீட்டர் ஓதத்தை விட்டால் தடிமனில் 9 மீட்டர்.

## ஸ்ட்ரிப்பை லேசரோடு பொருத்தும் முறை

1. முகமூடி, பொருத்தக் கோப்பு இரண்டாலும் ஸ்ட்ரிப்பை வடிகட்டுங்கள்.
2. ஏடிஎல் 06 புள்ளிகளில் தரக்குறி பூஜ்யம் உள்ளவை மட்டும். பாறையில் எந்தத் தேதியும் செல்லும். வேகமான பனியில் ஸ்ட்ரிப் தேதிக்கு ஓரிரு வாரத்துக்குள். மெதுவான உட்பகுதியில் சில மாதம் வரை போகலாம்.
3. சரிவுகள் பல திசையில் இருந்தால் மூன்று திசையிலும் நகர்த்தித் தீருங்கள். தட்டைப் பனி மட்டும் இருந்தால் உயரத்தை மட்டும் நகர்த்துங்கள். சரிவில்லாத இடத்தில் பக்கவாட்டு நகர்வைத் தீர்க்கச் சொன்னால் மென்பொருள் மறுக்காது. எங்கோ பத்து இருபது மீட்டர் தள்ளிவிட்டு, எச்சம் (ஸ்ட்ரிப்புக்கும் லேசருக்கும் மிஞ்சும் வேறுபாடு) குறைந்துவிட்டதாகச் சொல்லும்.
4. ஏம்ஸ் மென்பொருளின் பொருத்தும் கருவியில் அடர்த்தியான புள்ளித்தொகுதியை ஆதாரமாகக் கொடுக்கவேண்டும். அதாவது ஸ்ட்ரிப் ஆதாரம், லேசர் நகரும் தரவு. கிடைத்த நகர்வின் தலைகீழை ஸ்ட்ரிப்பில் செலுத்துங்கள். மாற்றிக் கொடுத்தால் அரிதான லேசர் கோட்டில் அது தடுமாறும்.
5. எச்சத்தைச் சராசரி, திட்டவிலக்கத்தில் பார்க்காதீர்கள். மேகம் தப்பிய நாலைந்து புள்ளிகளே இரண்டையும் இழுத்துவிடும். இடைநிலையும் இடைநிலை விலக்கமும் பாருங்கள்.
6. எச்சத்தை வரைபடத்தில் போடுங்கள். ஸ்ட்ரிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் கூடினால் சாய்வு இருக்கிறது. இரு முனையிலும் போதிய புள்ளிகள் இருந்தால் மட்டும் தளம் பொருத்தி நீக்குங்கள்.

கன அளவுக்குப் போகுமுன் ஒன்று. ரீமாவின் ஈபிஎஸ்ஜி 3031 வீழல் (கோளப் பரப்பைத் தட்டை வரைபடமாக்கும் முறை) 71 பாகை அகலாங்கில்தான் உண்மை அளவு. தென்துருவத்தருகே பிக்சலின் பரப்பளவு சுமார் 5 சதவீதம் பிசகும். ஆர்க்டிக்டெம்மின் 3413க்கு அந்த இடம் 70 பாகை. உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் திருத்திவிட்டு 4 சதுர மீட்டர் என்று கண்ணை மூடிப் பெருக்கினால் பட்ட பாடெல்லாம் அங்கேயே போய்விடும்; ஒவ்வொரு பிக்சலுக்கும் அளவுக் காரணியைக் கணக்கிட்டுக்கொண்டு பெருக்குங்கள்.